‘சரி’ என்று சொன்னதற்கு 2,850 ரூபாய்

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் குடியாத்தத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். "தம்பி, என் மேல கேஸ் போடப் போறாங்களாம். வீட்டுக்கு ஆள் வருமாம். நான் யார்கிட்டயும் பத்து ரூபா கடன் வாங்கினது இல்லையே தம்பி" என்றார். குரல் நடுங்கியது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். பால்காரருக்குக் கொடுத்த கணக்கைக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பவர். அவருக்கு ‘கடன்காரி’ என்ற சொல் எப்படி வலிக்கும் என்று தெரியும். காட்பாடியில் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, லத்தேரி, கே.வி. குப்பம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அஞ்சல் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, பென்ஷன் தாள் சரிபார்ப்பது என்று நாள் போகிறது. கேட்காத பத்திரிகைக்குப் பணம் கட்டச் சொல்லும் மிரட்டல் கடிதத்தோடு என்னிடம் வந்தவர்களில் டீச்சர் முதல் ஆள் இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் வந்தவர்கள் குறைவு. மற்றவர்கள் அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று கட்டிவிட்டு, மனசு ஆறாமல் வருவார்கள். டீச்சரும் கட்டத்தான் இருந்தார். கடிதத்தின் அடியில் இருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யச் சொல்லிப் பேரனிடம் கொடுத்திருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் அந்தப் பையன்தான், "இரு பாட்டி, தாத்தாவைக் கேட்டுட்டுப் பண்ணலாம்" என்று நிறுத்தி வைத்தான். தாத்தா என்றது என்னை.

கடிதத்தைப் படிப்பதற்கு முன் உறையைப் பார்ப்பது என் தொழில் பழக்கம். உறைமேல் சிவப்பில் ‘சட்ட நடவடிக்கைக்கு முன் இறுதி அறிவிப்பு’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தபால்காரர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதுதான் டீச்சருக்குப் பெரிய அவமானம். ஆனால் அந்த உறையில் பார்கோடு இல்லை. சாதாரணத் தபால். கோர்ட்டுக்குப் போக நினைப்பவனுக்கு, நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும். சாதாரணத் தபாலில் போட்டால் அத்தாட்சி எதுவும் மிஞ்சாது. அதை டீச்சரிடம் சொன்னதும்தான் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

உள்ளே இருந்த தாளில் தராசுச் சின்னம், ‘லீகல் டிபார்ட்மென்ட்’ என்று ஒரு முத்திரை, பதினாறு இலக்கத்தில் ஏதோ எண். வக்கீல் பெயர் கிடையாது. வக்கீலின் பதிவு எண் கிடையாது. வழக்கு எண்ணோ நீதிமன்றத்தின் பெயரோ கிடையாது. தொடர்புக்கு ஒரு செல்போன் எண், பணம் கட்ட அந்தக் கட்டம், அவ்வளவுதான். கோர்ட் சம்மன் என்றால் நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் இருக்கும். வழக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டே தேடலாம். பேரன் தேடினான். எதுவும் இல்லை.

தொகை இப்படி ஏறியிருந்தது: ஆண்டுச் சந்தா 1,800, தாமதக் கட்டணம் 300, சேவைக் கட்டணம் 250, சட்டச் செலவு 500. எந்தச் சட்டச் செலவு? சாதாரணத் தபாலில் ஒரு காகிதம் அனுப்பிய செலவு.

சரி, சந்தா எங்கிருந்து வந்தது? டீச்சர் வாங்குவதெல்லாம் கடையில் கிடைக்கும் தமிழ் வார இதழ்கள்தான். வந்ததோ ஆங்கில மாத இதழ், வழுவழுப்பான தாளில் வீட்டு அலங்காரம். ஜூனிலிருந்து வருகிறது. மருமகள் ஆர்டர் செய்திருப்பாள் என்று டீச்சர் நினைத்தார், மாமியார் என்று மருமகள் நினைத்தார். நான் இதழின் முகவரிச் சீட்டைப் பார்த்தேன். கடைசி வரியில் ஆங்கில எழுத்தில் ‘நார்த் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட்’ என்று இருந்தது. 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் பிரிந்து, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனி மாவட்டமாகப் போய்விட்டன. அந்த வீட்டில் இன்னும் ‘வடார்க்காடு’ என்று முகவரி எழுதுகிறவர் டீச்சர் ஒருவர்தான். மருமகள் எந்த ஆர்டருக்கும் வேலூர் என்றுதான் போடுவார். ஆக, அந்த முகவரி டீச்சர் கையாலேயே எங்கோ எழுதப்பட்டிருக்கிறது.

எங்கே என்று கேட்டுக்கொண்டே போனதில் விஷயம் வெளியே வந்தது. மே மாதம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த மறு வாரம், பேரனோடு வேலூரில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருக்கிறார். அப்பளம் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைமேல் பிரஷர் குக்கர், அதன் அருகில் கூப்பன் பெட்டி. பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிப் போட்டிருக்கிறார். பத்து நாள் கழித்து ஒரு பெண் போனில் பேசியிருக்கிறாள். பரிசுத் தேர்வில் உங்கள் பெயர் இருக்கிறது, மூன்று மாதம் புத்தகம் இலவசமாக வரும் என்றெல்லாம் வேகமாகச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் சொன்னது ‘சரி சரி’. அதுதான் சந்தா.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். போனில் நாம் சொல்லும் ‘சரி’க்கு என்ன அர்த்தம்? ‘கேட்டுக்கிட்டேன், மேலே சொல்லு’ என்பதுதான் அது. ‘ம்’ போடுவது மாதிரி. பையன் ஊருக்குப் போகிறேன் என்றாலும் சரி, பால் விலை ஏறிவிட்டது என்றாலும் சரி. அது சம்மதம் ஆகிவிடாது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். 7-ஆம் பிரிவு, ஏற்பு என்பது முழுமையானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ‘மூன்று மாதத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சந்தாதாரராக எடுத்துக்கொள்வோம்’ என்று ஒருவர் தானே எழுதிக்கொண்டு, நம் மௌனத்தை ஏற்பாக ஆக்க முடியாது.

அந்தக் காலத்தில் பத்திரிகைகள் வி.பி.பி.யில் வரும். தபால்காரர் வாசலில் நின்று தொகையைச் சொல்வார். வேண்டும் என்றால் பணம் கொடுத்து வாங்கலாம், வேண்டாம் என்றால் பார்சல் திரும்பிப் போகும். அதோடு விஷயம் முடிந்தது. சந்தா முடிந்தால் ‘புதுப்பிக்கவும்’ என்று ஒரு சீட்டு இதழுக்குள் இருக்கும், புதுப்பிக்காவிட்டால் இதழ் நின்றுவிடும். எத்தனை ஆயிரம் வி.பி.பி.க்கள் என் கையால் போயிருக்கும்! கேட்காதவருக்குக் கடன் நோட்டீஸ் போன ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்தில் ஒரு பலவீனமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இதழ்கள் இலவசம் என்று அவர்களே சொன்னவை. செப்டம்பர் இதழ்தான் கணக்கில் முதல். அதை டீச்சர் பிரித்துவிட்டார். பிரித்தது மட்டுமில்லை, வழுவழுப்பான தாளாச்சே என்று நடுப்பக்கங்களைக் கிழித்துப் பேரனின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கு அட்டை போட்டிருக்கிறார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் அட்டை போட்டுப் பழகிய கை. மூலை மடிப்பு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. ஆனால் எதிர்த்தரப்புக்கு அது ஒரு பிடி. பிடித்தால் வைத்துக்கொள், இல்லையென்றால் திருப்பு என்ற முறையில் வந்த சரக்கை, மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தாலோ தன் பொருள் போலப் பயன்படுத்தினாலோ, வாங்கியதாகவே ஆகும் என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. டீச்சர் அப்படி ஒரு முறைக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது நம் பதில். இருந்தாலும் வாதத்துக்கு இடம் கொடுத்தாயிற்று. அக்டோபர் இதழ் நல்லவேளையாகப் பாலிதீன் உறை பிரிக்காமல் டி.வி. ஸ்டாண்டின் கீழே கிடந்தது.

"அப்ப அந்த ஒரு புக்குக்கு 150 ரூபா அனுப்பிட்டு முடிச்சுக்கலாமே அங்கிள்" என்றார் மருமகள். நியாயமாகத் தோன்றும் யோசனை. நான் வேண்டாம் என்றேன். ஒரு பகுதியைக் கட்டினால், கடன் இருப்பதை நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். மீதி 2,700-க்கு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இதற்குள் அமெரிக்காவில் இருக்கும் டீச்சரின் பெரிய மகன் வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியிருந்தார். "கேட்காம வந்த பொருளை கிஃப்ட்டா வெச்சுக்கலாம்மா, சட்டமே இருக்கு" என்று குரல் செய்தியும் வந்தது. அவர் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் 1970-லிருந்தே அப்படி ஒரு விதி உண்டு. கேட்காமல் தபாலில் வந்த பொருளை வாங்கியவர் அன்பளிப்பாக வைத்துக்கொள்ளலாம். வசூல் ஏஜென்சி கடிதம் போட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் மறுக்கலாம், ஆதாரம் தரும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும் என்று 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் அங்கே இருக்கிறது. இரண்டுமே அமெரிக்கச் சட்டம். அந்த மாதிரிக் கடிதத்தில் அந்தச் சட்டப் பிரிவுகள் அப்படியே இருந்தன. குடியாத்தத்திலிருந்து அதை அனுப்பியிருந்தால், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எதிர்த்தரப்புக்கு நாமே சொல்லிக் கொடுத்தது போல ஆகியிருக்கும். கேட்காமல் வந்ததை அன்பளிப்பாக்கும் அப்படி ஒரு விதி இங்கே இல்லை. அதனால் இங்கே வேலை செய்வது மறுப்புத்தான். அதையும் தாமதிக்காமல் எழுத்தில் செய்ய வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல, டீச்சர் தன் கையாலேயே முதலில் தமிழில் எழுதினார். பிறகு மருமகள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார். வாசகம் இதுதான்:

"உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பத்திரிகைக்கு நான் சந்தா கேட்கவில்லை. சந்தாவுக்கு எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. 2,850 ரூபாய் பாக்கி என்பதை முழுமையாக மறுக்கிறேன். நான் சந்தாதாரர் என்பதற்கு ஆதாரம் இருந்தால், என் கையெழுத்துள்ள படிவத்தின் நகலையோ தேதி, நேரத்தோடு கூடிய முழு உரையாடல் பதிவையோ 15 நாளுக்குள் அனுப்பவும். இனி இதழ் அனுப்ப வேண்டாம். செப்டம்பர் இதழை என்ன என்று தெரியாமல் பிரித்துவிட்டேன். அக்டோபர் இதழ் பிரிக்காமல் இருக்கிறது. உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். இனி எதுவானாலும் எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும்."

செப்டம்பர் இதழைப் பற்றிய வரியை எழுத வேண்டுமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. டீச்சர் விடவில்லை. "பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் குடுத்துட்டு, நான் எப்படித் தம்பி?" என்றார். எழுதினோம். எழுதியது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பின்னால் யாரும் அதைத் தோண்டி எடுத்துக் காட்ட வழியில்லாமல் போனது.

இரண்டு பிரதி. ஒன்று பத்திரிகை நிறுவனத்துக்கு, ஒன்று அவர்களுக்காக மிரட்டல் கடிதம் அனுப்பிய வசூல் ஏஜென்சிக்கு. ஏஜென்சிக்கு மட்டும் அனுப்பினால் நிறுவனம் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ப்பித்ததற்கு அத்தாட்சி கேட்டு அனுப்பினோம். ரசீதை அன்றே நகல் எடுக்கச் சொன்னேன். அந்தச் சீட்டில் இருக்கும் எழுத்து சில மாதத்தில் வெளிறிப்போகும், பிறகு வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும்.

நவம்பர் இதழ் வந்தபோது, உறைமேல் ‘வாங்க மறுக்கிறேன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார் டீச்சர். நான்கு நாள் கழித்து ஏஜென்சியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தைரியம் வந்துவிட்ட டீச்சர் அதையும் மறுத்துத் திருப்பப் போனார். நல்லவேளை, அதற்கு முன் எனக்குப் போன் செய்தார். பத்திரிகையை மறுக்கலாம், கடிதத்தை மறுக்கவே கூடாது. சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பிய நோட்டீஸை வாங்க மறுத்தால், அது கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம். எந்தத் தபாலில் வந்தாலும் கடிதத்தை வாங்க வேண்டும், உறையோடு வைக்க வேண்டும்.

எழுத்தில் மட்டும் என்று சொல்லியும் போன் வந்தது. நான் அங்கே இருந்த நாளில் வந்தது நல்லதாகப் போயிற்று. ஸ்பீக்கரில் போட்டோம். தமிழ் பேசும் பையன்தான்.

"மேடம், இன்னைக்குள்ள பே பண்ணலைன்னா உங்க பென்ஷன் அக்கவுண்ட்டை முடக்கிடுவோம். சிபில்லயும் ஏத்திடுவோம். அப்புறம் உங்க பிள்ளைங்களுக்கு லோன் கிடைக்காது."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"தம்பி, என் கையெழுத்து இருந்தா அனுப்பு."

"வாய்ஸ் ரெக்கார்டிங் இருக்கு மேடம்."

"அதை அனுப்பு. முழுசா அனுப்பு."

அந்தப் பையன் சொன்ன மூன்றும் நடக்காத காரியம். அரசு ஓய்வூதியத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டமும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் அதைத் தடுக்கின்றன. சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் கொடுப்பவை வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்ற கடன் தரும் அமைப்புகள். பத்திரிகைச் சந்தா கடனே கிடையாது. தாயின் பெயரில் ஏறியது பிள்ளைகளின் கணக்கில் ஏறும் என்பதும் மிரட்டல்தான். அதே போல, வசூலுக்குப் பேசுகிறவர் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியைப் பலர் இங்கே எடுத்துச் சொல்வார்கள். அது வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்கான விதி. பத்திரிகைக்காரரிடம் அதைச் சொல்லிப் பயன் இல்லை.

இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் பதிவு வந்தது. முழுசாக இல்லை, பதினோரு விநாடி. "...அதுக்கப்புறம் அப்படியே கன்டின்யூ ஆகும், சரிங்களா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். "சரி சரி. குக்கர் எப்பம்மா வரும்?" என்று டீச்சர் கேட்கிறார். அதோடு வெட்டு.

அதை நாங்கள் மூன்று முறை போட்டுக் கேட்டோம். அவர்கள் ஆதாரம் என்று அனுப்பியது எங்களுடைய ஆதாரம். ஒருத்தி சந்தாவைப் பற்றிப் பேசுகிறாள், மற்றவர் குக்கரைப் பற்றிப் பேசுகிறார். ஒரே விஷயம் ஒரே பொருளில் என்று 13-ஆம் பிரிவு சொல்வது அங்கே எங்கே இருக்கிறது? பேரன் அந்தப் பதிவை மூன்று இடத்தில் சேமித்து வைத்தான்.

அன்று மாலையே 1915-க்குப் போன் செய்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். கோர்ட் இல்லை, தீர்ப்பு சொல்லாது. ஆனால் புகாரை எண்ணோடு பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் கேட்கும். அந்த எண் கிடைத்ததும் நிறுவனத்துக்கு இன்னொரு கடிதம்: புகார் எண், பதினோரு விநாடிப் பதிவில் இருக்கும் வாசகம் எழுத்துக்கு எழுத்து, இதற்கும் தீர்வு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்ற ஒரு வரி. அவர்கள் பில்லின் பின்னால் ‘வழக்கு எதுவானாலும் டெல்லியில் மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. ‘நல்லெண்ண அடிப்படையில் தங்கள் கணக்கை முடித்துவிட்டோம்.’ வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, டீச்சரைத் தவிர. "நல்லெண்ணமா? நான் ஏதோ பாக்கி வெச்ச மாதிரியும் அவங்க விட்டுக் குடுத்த மாதிரியும் இல்ல இருக்கு?" என்றார். அவர் சொன்னது சரி. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. பாக்கி எதுவும் இல்லை என்று தெளிவாகவும், முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்றும் எழுதிக் கேட்டோம். பாக்கி இல்லை என்று ஒரு வரி மின்னஞ்சலில் வந்தது. முகவரியைப் பற்றி மூச்சு இல்லை. நானாக இருந்தால் ஆணையத்துக்கே போயிருப்பேன். பக்கத்து வீட்டில் கடிதம் கொடுத்த அவமானத்துக்கு ஒரு நஷ்டஈடாவது கேட்டிருப்பேன். டீச்சர் இதோடு போதும் என்றார். அது அவர் முடிவு.

இடையில் ஒன்று. செல்போன் ஆப் வழியாகச் சந்தா சேர்ந்தவர்களுக்கு இப்படிக் கடிதமே வராது, கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியை. அங்கேயே ரத்து செய்யலாம். சேருவது சுலபம், விலகுவது கஷ்டம் என்று அமைத்து வைப்பதை, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’ என்று பெயரிட்டு, தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன.

ஜனவரி கடைசியில் வேறு ஒரு ஏஜென்சியிடமிருந்து புதிதாக ஒரு கடிதம். அதே முகவரி, அதே வடார்க்காடு, தொகை மட்டும் 3,400. பட்டியல் கை மாறியிருக்க வேண்டும். இந்த முறை டீச்சர் எனக்குப் போன் செய்யவில்லை. பாக்கி இல்லை என்ற மின்னஞ்சலின் நகல், முதல் கடிதத்தின் நகல், 1915 புகார் எண் மூன்றையும் சேர்த்து, அவரே ஒரு முகப்புக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, மறுநாள்தான் சொன்னார். ரசீதைக் காட்டினார், நகல் எடுத்து வைத்திருந்தார். முகப்புக் கடிதம் இரண்டே வரி. முதல் வரி, "இணைப்பைப் படிக்கவும்." இரண்டாவது வரி, "என் கையெழுத்து உங்களிடம் இருந்தால் காட்டவும்."